இரத்தத் தட்டணுவும் புற்றுநோயும்: ஒரு நூற்றைம்பதாண்டு வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் கொசு பெருகும் மாதங்களில் ஆஸ்பத்திரி வாசல்தோறும் ஒரே கேள்வி காதில் விழும். "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதே அக்கேள்வி. டிங்கி காய்ச்சலில் படுத்திருப்பவரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று எண்பது, இன்று நாற்பத்தைந்து என்று உறவினர் கணக்குச் சொல்வர். அந்த எண் ஆயிரத்தைக் குறிப்பது என்பதும், அது இறங்க இறங்க ஆபத்து நெருங்குகிறது என்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,101 பேர் டிங்கி கண்டனர். 182 பேர் மாண்டனர். நோயுற்றோரில் பாதிக்குமேற்பட்டோர் சிலாங்கூர் மாநிலத்தவர். அங்ஙனமிருக்க, மருத்துவ நூல்களில் மறைந்து கிடக்கவேண்டிய ஒரு சொல் கோலாலம்பூர்ச் சந்தையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் அன்றாட வழக்காகிவிட்டதில் வியப்பில்லை.

இந்த அச்சத்திலிருந்தே பப்பாளி இலைச் சாறும் வீட்டு மருந்தாயிற்று. கிள்ளானிலுள்ள தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில் மலேசிய ஆராய்ச்சியாளர்கள் அதனை முறைப்படி சோதித்தும் பார்த்தனர். டிங்கி கண்ட 228 நோயாளிகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றினருக்கு மட்டும் மூன்று நாள் சாறு கொடுத்து, எட்டு மணிக்கொரு முறை இரத்தத்தை எண்ணினர். 2013-ல் வெளியான முடிவின்படி சாறு குடித்தவர்களின் எண்ணிக்கை விரைவாக ஏறிற்று. உயிர் காக்குமா என்பதை அச்சோதனை அளக்கவில்லை. எண்ணை மட்டுமே அளந்தது. ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது வேறு: தட்டணு என்பது நல்லது, அது கூடினால் உடலுக்கு நலம்.

டிங்கியைப் பொறுத்தவரை இஃது ஒருவாறு சரியே. ஆனால் அதே ஆஸ்பத்திரியில், சில அறைகளுக்கு அப்பால், புற்றுநோயாளியின் சீட்டைப் பார்க்கும் வைத்தியர் அந்த எண் இறங்குவதை மட்டுமன்றி, மிகையாக ஏறுவதையும் கவனிக்கிறார். ஏறிய எண் அவருக்கு நல்ல செய்தியன்று. ஏன் என்பது நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கதை. அது பாரிஸ் நகரில் தொடங்குகிறது.

பாரிஸ் வைத்தியரின் கை

அர்மான் திரூசோ என்பவர் பாரிஸ் ஒத்தல் தியூ ஆஸ்பத்திரியின் புகழ்பெற்ற ஆசிரியர். 1801-ல் பிறந்தவர். பிரான்சின் பல பாகங்களிலிருந்தும் வைத்திய மாணவர்கள் அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்க வந்து கூடினர். 1865-ஆம் ஆண்டு அவர் ஆற்றிய சொற்பொழிவொன்று கால் வீக்கத்தைப் பற்றியது. பிரசவித்த பெண்களுக்குச் சில வேளைகளில் கால் வெளுத்து வீங்கி வலிக்கும். நரம்பு என்று பாமரர் கூறும் இரத்தநாளத்தில் இரத்தம் உறைந்து அடைப்பதே அதன் காரணம். இதே வீக்கம், பிரசவத்தோடு தொடர்பற்ற சிலரிடமும், ஆண்களிடமும் தோன்றுவதைத் திரூசோ கண்டார். அவ்வாறு தோன்றியவர்களுட் பலர் வயிற்றிலோ வேறு உறுப்பிலோ மறைந்திருந்த புற்றுநோயால் பின்னர் இறந்தனர். வயிற்று நோய் இன்னதென்று தெளியாமல் வைத்தியன் தடுமாறும்போது காலிலோ கையிலோ இத்தகைய உறைவு தோன்றுமானால், அது புற்றுநோயே என்று முடிவு செய்யலாம் என்பது அவர் மாணவர்க்குக் கூறிய பாடம்.

ஈராண்டு கழியவில்லை. 1867-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திரூசோ தமது இடக்கையில் அதே வீக்கத்தைக் கண்டார். சில காலமாக அவருக்கு வயிற்று உபாதை இருந்துவந்தது. அதன் காரணம் தெளிவாகவில்லை. மாணவரும் நண்பருமான மிஷேல் பீட்டரிடம் கையைக் காட்டி, இனித் தமக்கு ஐயமில்லை, தாம் பிழைக்கப்போவதில்லை என்று தெரிவித்தார். அவ்வாண்டு ஜூன் 23-ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். தான் வகுத்த இலக்கணத்துக்குத் தானே உதாரணமாக நின்ற வைத்தியர் வரலாற்றில் வெகு சிலரே. இன்றும் புற்றுநோயோடு கூடிய இரத்த உறைவுக்குத் திரூசோவின் பெயரே வழங்குகிறது.

ஆனால் உறைவு எதனால் ஏற்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது. நோயாளியின் இரத்தத்தின் இயல்பே மாறிவிடுகிறது என்று மட்டும் ஊகித்தார். ஊகம் பிழையன்று. திரூசோ பாரிஸில் பேசிய அதே 1865-ல், ஜெர்மனியில் பான் நகரத்துப் பேராசிரியர் மாக்ஸ் ஷூல்ட்ஸே, சிவப்பணு வெள்ளையணுக்களுக்கிடையே நிறமற்ற நுண்மணிகள் திரள் திரளாகக் கிடப்பதை நுண்பெருக்கியில் கண்டு எழுதிவைத்தார். ஒருவரிடம் நோய் இருந்தது, மற்றவரிடம் அதற்குக் காரணமாகிய பொருள் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க நூறாண்டு பிடித்தது.

பெயர் வந்த விதம்

அந்த மணிகள் இரத்தத்துக்கே உரிய தனி உறுப்பா, அன்றி வெள்ளையணு சிதைந்த துணுக்கா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. வழக்கைத் தீர்த்தவர் இத்தாலியில் டூரின் நகரைச் சார்ந்த ஜூலியோ பிட்ஸோஸெரோ. உடலிலிருந்து எடுத்த இரத்தத்தைப் பார்த்தால் தானே ஐயம் வருகிறது, உயிருள்ள பிராணியின் நாளத்துள் ஓடும் இரத்தத்தையே பார்த்தால் என்ன என்று அவர் எண்ணினார். மயக்கமூட்டிய சிறு பிராணிகளின் குடற்சவ்வை விரித்து அதன் மெல்லிய நாளங்களை நுண்பெருக்கியின் கீழ் வைத்தார். ஓடும் இரத்தத்திலேயே அத்துணுக்குகள் தட்டையான சிறு தட்டுகளைப் போல மிதந்து சென்றன. நாளச் சுவரை ஊசியால் காயப்படுத்தியதும் அவை அங்கே ஓடிவந்து ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, ஓட்டையை அடைத்தன. 1882-ல் விரிவாக வெளியிட்ட இவ்வாராய்ச்சியில் அவற்றுக்குத் தட்டு என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். தமிழில் தட்டணு என்பதும் அப்பொருளதே.

இதற்குப் பத்தாண்டு முன்பே, 1872-ல், ரீஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர், சில கடும் நோயாளிகளின் இரத்தத்தில், புற்றுநோயாளிகள் உட்பட, இந்த மணிகள் வழக்கத்துக்கு மிஞ்சிக் காணப்படுவதைக் குறித்திருந்தார். பெயர் வைக்கப்படாத ஒன்றின் மிகுதியை அவர் எண்ணிச் சொன்னார், கேட்பாரில்லை.

பிட்ஸோஸெரோ 1901 ஏப்ரலில் காலமானார். அவ்வாண்டு ஜனவரியில்தான் டாக்டர் மால்கம் வாட்ஸன் கிள்ளானுக்கு மாவட்ட வைத்தியராக வந்து சேர்ந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் மெல்லிய நூலொன்று உண்டு. அந்நாளில் கிள்ளானும், 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும் மலேரியாவால் அழிந்துகொண்டிருந்தன. கடலும் சதுப்பும் சூழ்ந்த அந்நிலத்தில் வேலை செய்ய வந்த தமிழ்த் தொழிலாளரும் பிறரும் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தனர். ரோனால்ட் ராஸ் 1897-ல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்து நான்காண்டே ஆகியிருந்தது. வாட்ஸன் சதுப்பை வெட்டி வடித்துக் கொசுவை ஒழித்தார். மறு ஆண்டிலேயே காய்ச்சல் மரணங்கள் மளமளவென்று குறைந்தன. கோலாலம்பூரிலும் 1900-ல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையம் பெரிபெரியையும் மலேரியாவையும் ஆராயத் தொடங்கியிருந்தது.

மலேரியாவைத் தேடுவோருக்கு அன்றும் இன்றும் தட்டணு ஒரு தொல்லை. கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்தில் சிவப்பணுவின் மேல் ஒரு தட்டணு தற்செயலாகப் படிந்திருந்தால், அனுபவமில்லாதவன் அதனை மலேரியாக் கிருமி என்றே எண்ணிவிடுவான். இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட நல்ல சாயம் வேண்டும். 1902-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜேம்ஸ் ஹோமர் ரைட் அத்தகைய சாயமொன்றைச் செப்பம் செய்து வெளியிட்டார். (கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரும் ரைட் என்னும் பெயருடையவரே, அவர் ஹாமில்டன் ரைட், வேறொருவர்.) மலேரியாக் கிருமியைச் செவ்வனே காட்டிய அச்சாயம் எதிர்பாராத உதவியொன்றும் செய்தது. 1906-ல் ரைட் அதனை எலும்பு மச்சையில் இட்டுப் பார்த்தபோது, அங்குள்ள பேருருவ உயிரணுக்களின் உள்ளே கிடந்த ஊதாநிறப் பொடிகளும் தட்டணுவின் உள்ளே கிடந்த பொடிகளும் ஒன்றாயிருக்கக் கண்டார். அப்பேரணு கை நீட்டித் தன் விரல் நுனிகளைக் கிள்ளிக் கிள்ளி இரத்தத்தில் விடுகிறது, அத்துணுக்குகளே தட்டணுக்கள். இவ்வாறு அவற்றின் பிறப்பிடம் தெரிந்தது.

இன்றைய கணக்கில் ஆரோக்கியமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை தட்டணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் எட்டுப் பத்து நாளே வாழும். ஆகவே உடல் நாள்தோறும் ஏறத்தாழப் பதினாயிரம் கோடித் தட்டணுக்களைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நற்பெயர் வளர்ந்த காலம்

அரை நூற்றாண்டுக் காலம் தட்டணுவுக்கு நற்பெயர்தான். 1910-ல் பாஸ்டனில் டபிள்யூ. டியூக் என்பவர், தட்டணு குறைந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்த நோயாளிக்கு மற்றவர் இரத்தத்தைச் செலுத்தியதும் எண்ணிக்கை ஏறிக் கசிவு நின்றதைக் காட்டினார். அதைவிடப் பெரிய வெற்றி 1950களின் இறுதியிலும் 1960களிலும் வந்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் அக்காலத்தில் பெரும்பாலும் நோயால் நேரே இறக்கவில்லை; மூக்கிலும் ஈறிலும் மூளையிலும் இரத்தம் ஒழுகி இறந்தனர். அமெரிக்காவில் பெதஸ்டா நகரத்துத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் பிரைரைக்கும் அவர் தோழர்களும் தட்டணுவை மட்டும் பிரித்தெடுத்துச் செலுத்தி அக்கசிவை நிறுத்தினர். குழந்தை பிழைத்திருந்தால்தானே மருந்து வேலை செய்ய முடியும்? வீரியமிக்க புற்றுநோய் மருந்துகளைத் துணிந்து கொடுக்க வழி திறந்தது அப்போதுதான். கோலாலம்பூர்த் தேசிய இரத்த மையத்தில் தானம் செய்யப்படும் இரத்தத்திலிருந்து இன்றும் தட்டணு பிரிக்கப்பட்டுப் புற்றுநோய் விடுதிகளுக்குச் செல்கிறது.

ஆகவே, தட்டணு புற்றுநோய்க்குத் துணைபோகிறது என்று 1968-ல் ஒருவர் எழுதியபோது அதை எளிதில் ஏற்க முடியாமற்போனது இயல்பே.

கேப்ரியல் காஸிக் என்னும் அவ்வாராய்ச்சியாளர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் புற்றுநோய்ப் பரவலை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாந்திபேதிக் கிருமி சுரக்கும் ஒரு நொதியை எலியின் இரத்தத்தில் செலுத்திப் பின்னர்ப் புற்றணுக்களையும் செலுத்தினார். நுரையீரலில் வழக்கமாக முளைக்கும் புற்றுக்கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. நொதி புற்றணுவின் மேற்பரப்பைத் தின்றுவிட்டதோ என்று எண்ணுவது எளிது. ஆனால் காஸிக் எலியின் இரத்தத்தைப் பார்த்தார். அதில் தட்டணுக்கள் அருகிப்போயிருந்தன. நொதிக்குப் பதிலாகத் தட்டணுவை மட்டும் அழிக்கும் ஊநீரைச் செலுத்திப் பார்த்தார். அப்போதும் கட்டிகள் குறைந்தன. தட்டணு நிறைந்த நீர்மத்தைத் திரும்பச் செலுத்தினார். கட்டிகள் மீண்டும் முளைத்தன. ஒன்றை நீக்கினால் விளைவு நீங்குகிறது, திரும்பக் கொடுத்தால் விளைவு திரும்புகிறது என்றால் காரணம் அதுவே என்பது தருக்கம். வாந்திபேதிக் கிருமி புற்றுநோயின் இரகசியமொன்றைக் காட்டிக்கொடுத்தது மருத்துவ வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

போர்வை போர்த்திய பகைவன்

புற்றுநோயால் இறப்பவர்களுட் பெரும்பாலோர் முதற் கட்டியால் இறப்பதில்லை. அது பரவிய இடங்களாலேயே இறக்கின்றனர். ஆயினும் பரவுதல் எளிதன்று. கட்டியிலிருந்து இரத்தத்தில் இறங்கும் அணுக்களில் பதினாயிரத்துக்கு ஒன்றுகூட வேறிடத்தில் வேர் பிடிப்பதில்லை என்று எலிச் சோதனைகள் காட்டின. வேகமாக ஓடும் இரத்தம் அவற்றை மோதி உடைக்கிறது. வெள்ளையணுக்களுள் ஒரு வகை, இயற்கைக் கொல்லணு எனப்படுவது, அவற்றைத் தேடிக் கொல்கிறது. பிழைக்கும் அந்த ஒன்று எப்படிப் பிழைக்கிறது?

இங்கேதான் தட்டணு வருகிறது. புற்றணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில், காயம்பட்ட திசுவில் மட்டுமே வெளிப்படவேண்டிய ஒரு புரதம் காணப்படுகிறது. இரத்தம் அதைக் கண்டதும் உறையத் தொடங்குகிறது. தட்டணுக்கள் ஓடிவந்து புற்றணுவைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. டூரினில் பிட்ஸோஸெரோ கண்ட அதே காட்சிதான். ஓட்டைக்குப் பதில் பகைவனை அவை மூடுகின்றன. அந்தப் போர்வைக்குள்ளிருக்கும் அணுவைக் கொல்லணு தீண்டுவது அரிதாகிறது என்பதை 1999-ல் ஜெர்மனியில் நீஸ்வான்ட் குழுவினர் காட்டினர். போர்வை வெறும் போர்வையுமன்று. தட்டணுவின் வயிற்றில் காயத்தை ஆற்றுவதற்கென்றே சேர்த்துவைத்த சரக்குகள் உள்ளன: திசுவை வளர்ப்பவை, புது இரத்தநாளங்களை முளைக்கச் செய்பவை. 2011-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லபெல்லும் ஹைன்ஸும் தெரிவித்தபடி, தட்டணுவோடு சிறிது நேரம் உறவாடிய புற்றணு தன் குணமே மாறி, பிடிப்பை விட்டு நகர்ந்து ஊடுருவும் தன்மை பெறுகிறது.

பாஸ்டன் அறிஞர் ஹெரால்டு டிவோராக் 1986-லேயே இதற்கொரு பொது விளக்கம் தந்திருந்தார். புற்றுக்கட்டி என்பது ஆறாத புண்ணைப் போன்றது என்பது அவர் கருத்து. உடலின் காவலாளிகள் அதனைப் புண் என்றே எண்ணி ஆற்ற முயல்கின்றனர். ஆற்ற ஆற்ற அது வளர்கிறது. தட்டணுவைத் துரோகி என்று ஏசுவது பொருந்தாது. அது தன் கடமையைத்தான் செய்கிறது, ஏமாற்றப்பட்டுச் செய்கிறது.

ரீஸ் 1872-ல் கண்ட மிகுதிக்கு விடை கிடைத்தது 2012-ல். ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் அனில் சூட் என்னும் இந்திய வமிசத்து வைத்தியரும் அவர் தோழர்களும் சூலகப் புற்றுநோய் கண்ட 619 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குத் தட்டணு 450,000-க்கு மேலிருந்தது. அவர்கள் மற்றவரைவிட விரைவில் இறந்தனர். காரணமும் கண்டறியப்பட்டது. கட்டி ஒரு சுரப்பை வெளிவிடுகிறது. அது கல்லீரலை எட்டி, தட்டணு வளர்க்கும் சுரப்பை மிகுதியாகச் செய்யத் தூண்டுகிறது. அது மச்சையை எட்டிப் பேரணுக்களை முடுக்குகிறது. பெருகிய தட்டணுக்கள் திரும்பிவந்து கட்டியை வளர்க்கின்றன. கட்டி தனக்கு வேண்டிய வேலையாட்களைத் தானே கூலிக்கு அமர்த்திக்கொள்கிறது போலும்! கங்காணி முறை அறிந்த மலேசியத் தமிழருக்கு இவ்வேற்பாடு புரியாமலிராது.

எண்ணின் பயன் சிகிச்சை அறைக்கு வெளியேயும் உண்டு. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் சாதாரண வைத்தியரிடம் இரத்தம் சோதித்துக்கொண்ட நாற்பது வயதுக்கு மேற்பட்ட 40,000 பேரை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டனர். தட்டணு மிகுந்திருந்த ஆண்களில் நூற்றுக்கு 11.6 பேருக்கும், பெண்களில் 6.2 பேருக்கும் ஓராண்டுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மிகாதவர்களிடம் இது ஆண்களில் 4.1, பெண்களில் 2.2 அளவே. நுரையீரலும் பெருங்குடலுமே முக்கியமான இடங்கள். இதைப் படித்துவிட்டுச் சீட்டைப் பார்த்துத் திகிலடைய வேண்டுவதில்லை. இரும்புச் சத்துக் குறைவு, கிருமித் தொற்று, காசம், அறுவை சிகிச்சை இவையெல்லாம் தட்டணுவை ஏற்றும். ஆனால் நடுவயது கடந்தவருக்குக் காரணம் தெரியாமல் மிகுந்தே நின்றால், அதைக் கேளாமல் விடுவதும் முறையன்று.

திரூசோவின் கை வீக்கமும் கணக்குக்குள் வந்துவிட்டது. அலோக் கொரானா என்னும் வைத்தியர் 2008-ல் வகுத்த அளவுகோலில், புற்றுநோய் மருந்து தொடங்குமுன் தட்டணு 350,000 அல்லது அதற்குமேல் இருப்பது, பின்னர் இரத்தம் உறைந்து நாளம் அடைபடக்கூடும் என்பதற்கான ஐந்து அறிகுறிகளுள் ஒன்று.

வெற்றிலைப் பையும் ஆராய்ச்சி நிலையமும்

மலாயாத் தமிழருக்குப் புற்றுநோய் என்றால் நெடுங்காலம் வாய்ப்புற்றுதான். இதன் தடம் தாயகத்திலிருந்தே வருகிறது. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த டாக்டர் பெண்டால் 1908-ல் தாம் அங்குக் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். கன்னத்துள்ளும் நாவிலும் கண்ட புற்றே அவற்றுள் மிகுதி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் கப்பலேறி ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தன. விடியற்காலையில் பால்மரம் சீவப் புறப்படும் பெண் மடியில் வெற்றிலைப் பையைச் சொருகிக்கொள்ளாமல் போனதில்லை. பசியையும் களைப்பையும் அதுவே அடக்கிற்று.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் நோய்க்குறி அறிஞர் மார்ஸ்டன் 1960-ல் மலாயா மருத்துவ இதழில் வெற்றிலைப் புற்று என்ற பொருளிலேயே கட்டுரை எழுதினார். அதே நிலையத்தில் டாக்டர் கே. இராமநாதன் வாய்நோய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, நாட்டில் சிறுபான்மையரான இந்தியரிடையே வாய்ப்புற்று அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதை 1970களில் எடுத்துக்காட்டினார். 1993-94-ல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், புற்றாக மாறக்கூடிய வாய்ப்புண்கள் இந்தியரில் நூற்றுக்கு நால்வரிடமும், சீனரில் இருநூற்றுக்கு ஒருவரிடமும் காணப்பட்டன. புகையிலை கலந்த வெற்றிலையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-லேயே புற்று விளைப்பது என்று அறிவித்தது. புகையிலையை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்று பலர் ஆறுதலடைந்தனர். 2003-ல் கூடிய அந்நிறுவனத்தின் நிபுணர் குழு, பாக்கே புற்று விளைப்பது என்று கூறி அந்த ஆறுதலையும் பறித்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக்கு அருகே வெற்றிலைக் கட்டு விற்கும் கடைகள் இன்றும் உள்ளன; தாம்பூலம் மங்கலப் பொருளாயிருப்பதும் அதை நாள் முழுதும் அடக்கி வைத்திருப்பதும் வேறு வேறு என்பதைப் பெரியவர்களிடம் சொல்லி முடிவதில்லை.

வாய்ப்புற்று முதலில் பரவுவது இரத்த வழியாகவன்று. நிணநீர் வழியாகக் கழுத்து நெறிகளுக்கே. ஆகவே தட்டணுக் கதை இங்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிடுதல் அவசரம். ஆயினும், பாக்கு மெல்லும் மற்றொரு நாடாகிய தைவானிலிருந்து 2007-ல் வந்த ஆராய்ச்சியொன்று, வாய்ப்புற்று நோயாளிகளிலும் தட்டணு மிகுந்தவர்களுக்கு நோய் முற்றியிருப்பதையும் ஆயுள் குறைவதையும் கண்டது. காரணம் இன்னும் முழுதும் தெளியவில்லை.

ஆஸ்பிரின் வழக்கு

தட்டணு குற்றவாளியென்றால் அதனை ஒழித்துவிடலாமே என்று கேட்கலாம். பெதஸ்டாக் குழந்தைகளே அதற்கு விடை. தட்டணு இல்லையேல் உடல் ஒழுகிவிடும். புற்றுநோய் மருந்துகளே பெரும்பாலும் தட்டணுவைக் குறைக்கின்றன. அது மிகக் குறைந்தால் சிகிச்சையையே நிறுத்தவேண்டி வருகிறது. ஆகவே ஆராய்ச்சியாளர் தேடுவது தட்டணுவை ஒழிக்கும் வழியையன்று, அதன் ஏமாற்றத்தைத் தெளிவிக்கும் வழியை. கையில் கிடைத்த மருந்து புதியதன்று. தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின்தான்.

ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1971-ல் இங்கிலாந்தில் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்றார். தட்டணுக்கள் ஒன்றையொன்று கூவியழைக்கப் பயன்படும் திராம்பாக்ஸேன் என்னும் பொருளைச் செய்யும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆதலால் முடங்கிய நொதிக்குப் பதில் புதிது செய்துகொள்ள முடியாமல், தன் எட்டுப் பத்து நாள் வாழ்வு முழுதும் அது ஊமையாகவே இருக்கிறது. சிறிய மாத்திரை ஒன்றே போதியதாவது இதனாலேயே. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உண்டவர்களின் பழைய பதிவுகளை ஆக்ஸ்போர்டில் பீட்டர் ராத்வெல் புரட்டிப் பார்த்து, அவர்களுக்குப் புற்றுநோய் தொலைவிடங்களுக்குப் பரவுவது குறைந்திருப்பதை 2012-ல் வெளியிட்டார். ஏன் என்பதற்கு ஒரு விடை 2025-ல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. தட்டணு வெளிவிடும் அதே திராம்பாக்ஸேன், புற்றணுவைத் தாக்கவேண்டிய வெள்ளையணுக்களை மயக்கி வைக்கிறது என்பதை ராகுல் ராய்சௌதுரியின் குழுவினர் எலிகளில் காட்டினர். ஆஸ்பிரின் அம்மயக்கத்தை நீக்குகிறது.

அதே ஆண்டில் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் காணப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் மூன்றாண்டு கொடுக்கப்பட்டது. நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் இதைக் கண்டு ஆரோக்கியமுள்ள முதியோர் ஆஸ்பிரினைத் தேடி ஓடுவது தவறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் எழுபது வயது கடந்த 19,000-க்கு மேற்பட்டோரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வெளியானபோது, ஆஸ்பிரின் உண்டவர்களிடம் புற்றுநோய் மரணம் குறைவதற்குப் பதில் சிறிது கூடியிருந்தது. இரத்தக் கசிவும் கூடியது. நோய் வந்து நீங்கியவர்க்கு உதவுவது நோயற்றவர்க்கும் உதவும் என்ற நியதியில்லை. 2015-ல் தொடங்கிய பெரிய சோதனையொன்று பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளில், மார்பகம், குடல், இரைப்பை, ஆண்குறிச் சுரப்பி ஆகியவற்றில் புற்றுநோய் கண்டு சிகிச்சை முடித்தோரை ஆஸ்பிரினோடு பின்தொடர்ந்து வருவது இந்த ஐயத்தைத் தீர்க்கவே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வழக்குக்கு மேலுமொரு சிக்கல் உண்டு. டிங்கி காய்ச்சலில் தட்டணு தானே குறைந்து நாளங்கள் கசிகின்றன. அந்நிலையில் ஆஸ்பிரின் உடலிலிருந்தால் எஞ்சிய தட்டணுக்களும் ஊமையாகி இரத்தக் கசிவு பெருகக்கூடும். அதனாலேயே டிங்கி என்று ஐயமுள்ள காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலிமருந்து கூடாது என்று இந்நாட்டு வைத்தியர்கள் வற்புறுத்துகின்றனர். குளிர்நாட்டில் புற்றுநோய்க்காக ஆஸ்பிரின் உண்பவருக்கு இக்கவலையில்லை. பாண்டமாரானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்டு நாள்தோறும் ஆஸ்பிரின் விழுங்கும் ஒருவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருவாரானால், இரத்தம் எடுக்குமுன் அவர் முதலில் வைத்தியரிடம் சொல்லவேண்டியது அம்மாத்திரையின் பெயர்.